ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

மூன்றாவது பிள்ளை பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தான். அவன் பிறந்த பிறகும் எனக்கு இரத்தம் நிற்கவில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த தட்டில் அது சொட்டுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடந்தேன். பயம் வந்தால் எதையாவது எண்ணுவது சின்ன வயதிலிருந்தே என் பழக்கம். நூற்று நாற்பது வரைக்கும் எண்ணியது தெரியும், அதற்குப் பிறகு தெரியாது. முகம் தெரியாத யாரோ ஒருவருடைய இரத்தத்தை இரண்டு போத்தல் எனக்குள் ஏற்றி என்னைத் திருப்பி எடுத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டர் அம்மா என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டார். குறைந்தது மூன்று வருடத்துக்கு இன்னொரு பிள்ளை வரக்கூடாது, வந்தால் இந்தத் தடவை மாதிரிக் காப்பாற்றித் தருவேன் என்று என்னால் சொல்ல முடியாது என்றாராம். அப்போதே ஆபரேஷன் செய்து பிள்ளை உண்டாகாமல் கட்டிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். நான்தான் மாட்டேன் என்று அழுதேன். ஒரு வாரம் முழுக்க இரத்தத்தைப் பார்த்தவளுக்கு இன்னொரு கத்தியை நினைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆபரேஷன் செய்த பெண்ணால் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமக்க முடியாது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பேச்சும் இருந்தது. கூடை சுமக்க முடியாவிட்டால் தோட்டத்தில் ஒரு பெண் என்னதான் செய்வாள்?

வீட்டுக்காரர் வற்புறுத்தவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வெளியே பார்த்தபடியே வந்தார். தோட்டத்துச் சந்தியில் இறங்கும்போது மட்டும், "மூணு போதும் புள்ள. நீ இருந்தா போதும்" என்றார். அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அதனால் அந்த வார்த்தையைக் கேட்டும் எனக்குப் பயம்தான் வந்தது.

பையனுக்கு ஆறு மாதம் ஆனபோது மாத்திரை தொடங்கினேன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. வியாழக்கிழமைதோறும் எங்கள் மருந்துக் காம்பராவுக்கு, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற அறைக்கு, ஒரு மிட்வைஃப் அம்மா வருவார். சிங்களவர். வருடக் கணக்காக எங்களோடு பழகி, எங்கள் தமிழையே பேசுவார், வாக்கியத்தின் வாலை மட்டும் அவர் பாஷையில் இழுத்துக்கொண்டு. அட்டையைக் காட்டி விளக்கினார். நாலு வரிசை, வரிசைக்கு ஏழு. மேலே மூன்று வரிசையும் வெள்ளை, அதுதான் மருந்து. கடைசி வரிசை பழுப்பு, அது இரத்தத்துக்கு இரும்புச் சத்து. பழுப்பு மாத்திரை போடுகிற வாரத்தில் மாதவிலக்கு வரும். அட்டை முடிந்ததும் மறுநாளே அடுத்த அட்டை. தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். வீட்டில் மணிக்கூடு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஸ்டோருச் சங்கு ஊதுறப்ப போடுங்க. அது மாறாதுதானே" என்றார்.

ஸ்டோரு என்றால் எங்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை. விடியுமுன் அங்கே சங்கு ஊதும். அதைக் கேட்டுத்தான் முழுத் தோட்டமும் எழும்பி அடுப்பை மூட்டும், பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் போய் நிற்கும், அன்றைக்கு யார் எந்த மலைக்கு என்று கேட்டுக்கொண்டு பிரியும். ஆகவே அந்த யோசனை எனக்கும் சரியாகப் பட்டது.

அட்டையோடு ஒரு தாளும் கொடுத்தார். தமிழில்தான் இருந்தது, ஆனால் துரைமார் ஒட்டுகிற அறிவித்தல் மாதிரித் தமிழ். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். அம்மா மலைக்குப் போனால் கைப்பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று நிறுத்தினார்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பேன். மூன்று பின்னேரம் விரல் வைத்து அந்தத் தாளை வாசித்தேன். தலைவலி, குமட்டல், மார்பில் வலி, மனநிலை மாற்றம் உண்டாகலாம் என்று இருந்தது. மனநிலை மாற்றம் என்றால் என்னவென்று எனக்குப் புரியவில்லை, ஒருவேளை சந்தோஷம் வருமாக்கும் என்று நினைத்தேன். ஒரே நேரத்தில் உட்கொள்ளவும் என்ற வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தது. கோடு போட்டிருக்கிறார்கள் என்றால் தவறினால் ஏதோ ஆபத்து என்றுதானே அர்த்தம். அந்தக் கோடு என் மனதில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

முதல் ஞாயிற்றுக்கிழமையே எனக்குச் சிக்கல் வந்தது. ஞாயிறு வேலை இல்லை. வேலை இல்லாத நாளில் பெரட்டுச் சங்கு ஊதாது. நான் கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். நேரம் தப்பிவிட்டது. எவ்வளவு தப்பியது என்றும் தெரியாது. நேரம் தவறிப் போட்டு ஏதாவது ஆனால்? பக்கத்துக் காம்பராவில் போய்க் கேட்கிற விஷயமா இது? வயிற்றுக்குள் போகிறதைவிடப் போகாமல் இருப்பது பத்திரம் என்று முடிவு செய்தேன். அப்படியே விட்டால் அட்டையில் கிழமை பிசகும், பிறகு பழுப்பு வரிசையும் தள்ளிப் போகும். ஆகவே அந்த ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து அடுப்புச் சாம்பலில் போட்டேன். அட்டை ஒழுங்காக இருந்தது. மனம் கொஞ்சம் ஆறியது.

அன்றிலிருந்து சங்கு ஊதாத ஞாயிறுகளில் அதுதான் வழக்கம். இதை நான் மறதியால் செய்யவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மறதிக்காரி பிழைத்திருப்பாள். நான் கவனமாகச் செய்தேன்.

அந்த முதல் ஞாயிறுக்குப் பிறகு இரண்டு மாதம் பெரிய தொல்லை இல்லை. சித்திரை மழைக்குக் கொழுந்து நிரம்பி வழிந்தது. ஞாயிறும் மலைக்கு ஆள் கேட்டார்கள், ஞாயிறும் சங்கு ஊதியது. வெறும் வயிற்றில் மாத்திரையும் வெறுந்தேத்தண்ணியும் போய் விடிகாலையில் குமட்டும். நேற்றைய ரொட்டியில் ஒரு துண்டைக் கடித்தால் அடங்கிவிடும். ஆடி பிறந்ததும் ஊவாப் பக்கத்துக் காற்று தெரியுமே, கச்சான். மலை காய்ந்தது, கொழுந்து குறைந்தது, ஞாயிறு வேலையும் நின்றது. அதோடு என் உடம்பும் கெட்டது. நான் இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை.

முதலில் தலைவலி. எங்கள் கூடையின் கயிறு தலையில் போட்டுச் சுமப்பது. அந்தக் கயிறு அழுத்துகிற இடத்திலேயே வலித்தது. கூடையை இறக்கி வைத்தாலும் கயிறு தலையிலேயே இருப்பது போல் இருக்கும். மார்பு கனத்து, சட்டை உரசினால் கண்ணில் தண்ணீர் வரும். இடுப்பைச் சுற்றி நாங்கள் கட்டுகிற சாக்கு, படங்கு என்போம், அது ஒரு வாரம் எட்டாது, மறுவாரம் தளர்ந்து விழும். பையனுக்குப் பால் வற்றியது. நடுமாதத்தில், நாள் இல்லாத நாளில், துணியில் கறை. இது மாதவிலக்கா இல்லையா, சாமிப் படத்துக்கு விளக்கு ஏற்றலாமா கூடாதா என்று தினமும் ஒரு தடுமாற்றம். பல நாள் மூத்தவளை ஏற்றச் சொன்னேன்.

இதெல்லாம் உடம்பு. உடம்பு வலியை நான் பொறுத்துக்கொள்வேன். என்னைக் கலங்கடித்தது கோபம். மாதத்தில் ஒரு வாரம் எனக்குள் வேறு யாரோ ஏறிக்கொண்டது போல இருந்தது. தண்ணீர்க் குடம் கல்லில் உரசுகிற சத்தத்துக்குப் பல்லைக் கடிப்பேன். கங்காணி, செடி நிரையை விட்டுவிட்டு முன்னால் போகாதே என்று எல்லாரிடமும் சொல்வதை என்னிடம் சொன்னதற்கு மலையிலேயே நின்று அழுதேன்.

எனக்கு அடுத்த நிரை எடுக்கிற அக்கா ஒருவர் இருந்தார். ஆறு பிள்ளைக்காரி. வாயைத் திறந்தால் மூடமாட்டார், ஆனால் என் கூடை நிறையாத நாளில் தன் கையிலிருந்து இரண்டு பிடியை என் கூடைக்குள் போடுகிறவரும் அவர்தான். அவரிடம் மட்டும் மாத்திரை விஷயத்தைச் சொல்லியிருந்தேன். இந்தக் கோபம் மாத்திரையால்தான் வருகிறதோ என்று கேட்டேன்.

"கோவம் வர்ரதுக்கு எனக்கு மாத்திரையாடி வேணும்? எங்க வீட்டு ஆளு மொகத்தப் பாத்தா போதும்" என்றார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்தினார். அந்த மாத்திரை கரையாதாம், வயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து கல்லாகுமாம், பண்டாரவளையில் ஒருத்தியை அறுத்து ஒரு கொட்டாங்கச்சி நிறைய எடுத்தார்களாம். இன்னொரு பேச்சும் அப்போது நடமாடியது. ஒப்பந்தப்படி பாதிப் பேர் இந்தியாவுக்குப் போக நம்பர் வந்து காத்திருந்த காலம். போகாமல் மிஞ்சுகிறவர்களைப் பெருகாமல் பண்ணத்தான் மாத்திரை கொடுக்கிறார்கள் என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். நான் ஒவ்வொன்றையும் நம்பினேன், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பயந்தேன், மறுநாள் சங்கு ஊதியதும் மாத்திரையையும் போட்டேன். ஆஸ்பத்திரித் தட்டில் சொட்டிய சத்தம் அந்தப் பேச்சுகளை விடப் பெரியதாக இருந்தது.

ஆவணியில் ஒரு பின்னேரம் அது நடந்தது. வேலை விட்டு வந்து நின்றேன். கோபம் ஏறுகிற அந்த வாரம்தான். எட்டு வயது மூத்தவள், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனுக்குப் பால்மா கரைக்கப் போனவள், டின்னைத் தட்டிவிட்டாள். மா முழுக்க மண் தரையில் கொட்டியது. கையில் அகப்பை இருந்தது. நான் அடித்ததை நானே பிறகுதான் பார்த்தேன். உதடு கிழிந்து இரத்தம் வந்தது. அவள் அழவில்லை. தம்பியைக் கீழே இறக்கிவிட்டு, டின்னை நிமிர்த்தி வைத்து, மேலாக மண்படாத மாவைக் கையால் அள்ளத் தொடங்கினாள். ஐந்து வயதுச் சின்னவள் எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். யாரும் போகச் சொல்லவில்லை. பழகிய இடத்துக்குப் போகிற மாதிரிப் போனாள்.

அந்தப் பிள்ளை அந்த இடத்துக்கு எத்தனை தடவை போயிருந்தால் அப்படிப் போவாள் என்று நினைத்தேன்.

இந்த மாத்திரையை நிறுத்தினால் பிள்ளை உண்டாகும், நான் செத்துப் போவேன், மூன்றும் தாயில்லாப் பிள்ளைகளாகும். நிறுத்தாவிட்டால் உயிரோடு இருப்பேன், இப்படி இருப்பேன். எது அவர்களுக்கு நல்லது? இதைத்தான் அதற்குப் பிறகு பகலெல்லாம் மலையில் நின்று திருப்பித் திருப்பி யோசித்தேன். வீட்டுக்காரரிடம், இது மருந்து செய்கிற வேலை, நான் இதை நிறுத்தப் போகிறேன் என்றேன். அவர் பிள்ளையின் உதட்டில் மஞ்சள் வைத்துக்கொண்டே, கேட்டுவிட்டு நிறுத்து என்றார்.

கேட்பதற்குள் அடுத்த பயம் வந்து சேர்ந்தது. பழுப்பு மாத்திரை வாரம் முழுக்க முடிந்தும் எனக்கு மாதவிலக்கு வரவில்லை. புது அட்டையைத் தொடங்கவில்லை. உள்ளே பிள்ளை இருந்தால் மருந்து அதற்கு விஷமாகிவிடுமே. அந்த வியாழக்கிழமை மருந்துக் காம்பராவுக்குப் போனால் மிட்வைஃப் அம்மா லீவு. இன்னும் ஏழு நாள். அந்த ஏழு நாளும் நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று தெரியாது. கொழுந்தை எண்ணினேன். ஏறுகிற படியை எண்ணினேன். நான் செத்தால் யார் மூத்தவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவார்கள் என்று யோசித்தேன். யாரும் நிறுத்த வேண்டியதில்லை, அவளே நின்றுவிடுவாள், தம்பியைப் பார்க்க. என்னைப் போலவே.

அடுத்த வியாழக்கிழமை வீட்டுக்காரரும் கூட வந்தார், ஒரு நாள் சம்பளப் பேரை விட்டுவிட்டு, பையனைத் தூக்கிக்கொண்டு. மருந்துக் காம்பரா வாங்குப் பலகையில் ஆண்கள் உட்காருவதில்லை. காய்ச்சல் மருந்துக்கு வருகிறவர்கள்கூட வெளியே நிற்பார்கள். பெண்கள் அவரை விடவில்லை. ஒருத்தி, "என்னாண்ணே, உங்களுக்கும் மாத்திரையா?" என்று கேட்டாள். "குடுத்தா முழுங்கிட்டுப் போறேன்" என்றார் அவர், பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டு. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடலாம் போல இருந்தது.

உள்ளே போனதும் எல்லாவற்றையும் சொன்னேன், கறை, தலைவலி, வராத மாதவிலக்கு. மாத்திரையை மறந்தேனா என்று மிட்வைஃப் அம்மா கேட்டார். ஒரு நாள்கூட மறக்கவில்லை என்று, சேர்த்து வைத்திருந்த வெறும் அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் காலி. ஒழுங்காகப் போட்டால் இப்படிக் கறை வருவது குறைவு என்று பேனாவால் நெற்றியைத் தட்டினார்.

அப்போது என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "அம்மா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். ஞாயித்துக்கெழம மாத்திரைய அடுப்புல போடச் சொன்னீங்களே, அது எதுக்கு?"

பேனா நின்றது. "யாரு சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு அது வைத்தியத்தில் ஒரு பகுதி. காய்ச்சலுக்கு மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவது போல ஒன்று என்றுதான் நினைத்திருக்கிறார்.

"சங்கு ஊதலியேம்மா" என்றேன். எனக்கே என் குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரிக் கேட்டது. நேரம் தப்பினால் போடக்கூடாது என்று நான் நினைத்ததையும், தாளில் கோடு போட்டிருந்ததையும் சொன்னேன். ஸ்டோரில் சங்கு பழுதாகி இரண்டு நாள் ஊதாமல் இருந்ததே, அப்போது என்று கேட்டார். அந்த இரண்டும் அடுப்பில்தான் என்றேன். அவர் பெரிய பதிவுப் புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். புத்தகம் கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு இறக்கி வைத்து, கண்ணைத் துடைத்து, "பிழை என்னோடது" என்றார். "சங்குன்னு நான்தான் சொன்னது. ஞாயிறு நெனவு வரல. உங்களுக்குக் கோவம் வேணாம்."

மெதுவாக விளக்கினார். வாரத்துக்கு ஒரு நாள் மருந்து நின்றால் உடம்பு, மருந்து முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுமாம். அதனால்தான் கண்ட நேரத்தில் கறை. தலைவலியும் அதனால் கூடியிருக்கலாம். பிள்ளை உண்டாகாமல் காக்கிற காவலும் அந்த ஓட்டையால் போய்விடும். நேரம் பிந்தினால் நினைவு வந்ததும் போடலாம், விஷம் ஒன்றும் இல்லை. மாத்திரை வயிற்றில் சேராது, சோறு கரைகிற மாதிரிக் கரையும். ஒரு சின்னப் போத்தலில் என் சிறுநீரை வாங்கிக்கொண்டார், பதுளைக்குக் கொடுத்துப் பார்த்து வருகிற வியாழக்கிழமை பதில் சொல்வதாக.

எல்லாக் கேள்வியும் முடிந்து, நான் கேட்க வந்த கேள்வி மட்டும் மிச்சமாக இருந்தது. என் கோபத்துக்கும் இதுதானே காரணம் என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டுதான் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். சிலருக்கு மாத்திரையால் வரும், சிலருக்கு மாத்திரையால் குறையும், சிலருக்கு மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் எப்போதும் வருவதுதான் என்றார். மாத்திரைக்கு முன்னால் எப்படி என்று கேட்டார். முன்னால் எனக்கு இப்படி இருந்ததே இல்லை என்றேன்.

வீட்டுக்காரர் பையனின் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார். பூட்டியிருந்த பொத்தானைக் கழற்றி மறுபடி பூட்டினார். மிட்வைஃப் அம்மா அதைக் கவனித்துவிட்டார். சொல்லுங்க என்றார்.

"முந்தியும் இருந்துச்சும்மா" என்றார் அவர். "கட்டுன வருசத்துல இருந்தே. மாசத்துல நாலஞ்சு நாளு. அந்த நாள்ல நான் பெரியவளக் கூட்டிக்கிட்டு வெறகுக்குப் போயிருவேன். இப்பக் கொஞ்சம் கூடத்தான். ஆனா புதுசு இல்ல."

திரும்பி வரும்போது லயம் வரைக்கும் படிகளை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்பது வருடமாக ஒரு மனிதர் என் நாளைக் கணக்குப் பார்த்து விறகுக்குப் போயிருக்கிறார். நான் அவரை விறகு வெட்டுவதில் ஆசையுள்ள ஆள் என்று நினைத்திருந்தேன். கடைசியில் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்றதுன்னா அந்த நாள்லதான் சொல்லணும். அந்த நாள்ல உங்கிட்டச் சொல்ல முடியுமா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. கோபத்தைத்தான் காட்டினேன்.

அந்த வாரத்தை நான் மறக்கமாட்டேன். மாத்திரை ஒன்றும் எனக்குள் போகவில்லை, வெள்ளையும் இல்லை, பழுப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எழும்பினேன், மார்பு கனத்திருந்தது. திங்கட்கிழமை மலையில், அக்கா பாடிக்கொண்டே கொழுந்து எடுத்தது எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் வாயை மூடு என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குச் சுரீர் என்றது. இது அதேதான். அதே கோபம், அதே அழுகை. மூன்று வாரத்துக்கு மேலாக மருந்தே போடாத உடம்பில் இது எங்கிருந்து வந்தது? மறுநாள் செவ்வாய்க்கிழமை, மலையில் வைத்தே எனக்கு மாதவிலக்கு வந்தது. படங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அக்கா திட்டை மறந்து ஓடி வந்து, பிள்ளை போச்சா என்று கேட்டார். பிள்ளையே இல்லைக்கா என்றேன். அதற்கு ஏன்டி அழுகிறாய் என்றார். சாகமாட்டேன் என்பதற்கு ஒரு பங்கு அழுதேன். இந்தக் கோபம் என்னுடையது என்று தெரிந்ததற்கு ஒரு பங்கு.

மாத்திரையின் குற்றமாக இருந்திருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும். தூக்கி எறிந்தால் தீர்ந்தது. என் குற்றமா என்று கேட்டால் அதற்கும் பதில் தெரியாது. தலைவலியை யாரும் என் குற்றம் என்று சொல்லவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை. கோபம் மட்டும் ஏன் குற்றமாகிறது? தலைவலி என்னோடு நிற்கிறது, கோபம் ஒரு பிள்ளையின் உதட்டில் போய் விழுகிறது, அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. வருவது என் கையில் இல்லை. விழுவது என் கையில்தான் இருந்தது, அதில் ஒரு அகப்பையும் இருந்தது.

வியாழக்கிழமை மிட்வைஃப் அம்மாவும் பிள்ளை இல்லை என்றே பதில் கொண்டுவந்தார். புது அட்டை தந்தார். இந்த முறை, சாயந்தரம் சோறு தின்ற பிறகு போடச் சொன்னார், சங்குதான் ஞாயிறு லீவு எடுக்கும், லீவு எடுக்காத வேலை எதுவோ அதோடு சேர்த்து என்று. ஞாயிறும் சோறு உண்டுதானே என்று வேறு கேட்டார். இரண்டு அட்டை முடிந்தபோது கறை நின்றிருந்தது. குமட்டல் போனது. தலைவலி பாதியாகக் குறைந்தது. மார்பு கனப்பது குறையவில்லை. கோபம் ஒரு வாரத்திலிருந்து மூன்று நாலு நாளுக்கு இறங்கியது, அதற்குக் கீழே இறங்கவில்லை. இதில் மருந்தின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று இன்றுவரைக்கும் என்னால் பிரிக்க முடியவில்லை. பிரித்துச் சொல்ல முடியும் என்கிறவர்களை நான் அவ்வளவு நம்புவதும் இல்லை. மூன்று வருடத்துக்கு மேல் போட்டேன். பிறகு பதுளையிலேயே ஆபரேஷன் செய்துகொண்டேன். கூடையும் சுமந்தேன். அந்த மூன்று வருடத்தில் இன்னும் இரண்டு தடவை கை நீட்டினேன். இரண்டையும் எந்த நாள், எதற்கு என்று என்னால் சொல்ல முடியும்.

ஆனால் புது அட்டை தொடங்கிய அந்த வாரமே நான் வேறு ஒன்றும் செய்தேன். அதைக் கேட்டு அக்கா என்னைத் திட்டினார். வயதுக்கு வராத பிள்ளையிடம் ஒரு தாய் இதெல்லாம் பேசுவாளா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா என்றார். எங்கள் லயங்களில் பெண் பிள்ளைக்கு அந்த நாள் வருகிறவரைக்கும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டோம். வந்த பிறகும் ஒதுக்கி உட்கார வைத்து, தண்ணீர் ஊற்றி, புதுத் துணி கட்டி, ஊரைக் கூட்டுவோமே தவிர, எதையும் சொல்லமாட்டோம்.

மூத்தவளோடு, மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். அவள் உதட்டில் ஆறிய இடம் ஒரு சின்னக் கோடாக இருந்தது. குடம் நிறையும் வரைக்கும் காத்திருந்து, திரும்பும் வழியில் சொன்னேன். பெரிய பெண்களுக்கு மாதத்தில் சில நாள் உடம்பு வேறு மாதிரி ஆகும், அம்மாவுக்கு அப்போது எதைக் கண்டாலும் கோபம் வரும், அது உன்மேல் உள்ள கோபம் இல்லை. அன்றைக்கு மா கொட்டியதற்கு அப்படி அடிக்கிற குற்றம் நீ செய்யவில்லை. அந்த நாள் வரும்போது அம்மாவே உனக்குச் சொல்லிவிடுவேன், அப்போது தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அப்பாவோடு போய்விடு.

கொஞ்ச தூரம் நடந்தாள். அவள் குடத்திலிருந்து தண்ணீர் சிந்தியது. சட்டென்று நின்று, சிந்தியதற்கு என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்ததும் நடந்தாள்.

"அந்த நாள்ல அடிக்காம இருக்க முடியாதாம்மா?" என்று கேட்டாள்.

முடியும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லிவிட்டு அடித்தால் பிறகு என்னிடம் எதையும் கேட்கமாட்டாள் என்று பட்டது.

"தெரியலடி. பாக்குறேன்" என்றேன்.

"எத்தன நாளு?"

"நாலு நாளு. சில மாசம் அஞ்சு."

அவள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள். எட்டு வயதுக்கு அந்தக் குடம் பெரியது. மனதுக்குள் எதையோ எண்ணிப் பார்த்த மாதிரி இருந்தது.

"அஞ்சு நாளுதானே" என்றாள், என்னைத் தேற்றுகிற மாதிரி, முன்னால் நடந்துகொண்டே.